போர்மட் பண்ணினாலும் மறுநாள் திரும்ப வருகிறது

22 ஜூலை 2024 – கேள்வி

பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபிஸில் கணக்கு எழுதுகிறேன். மொத்தம் எட்டுக் கணினி. பத்து நாளாக ஒவ்வொன்றாக மெதுவாகிறது. எல்லோரும் பாவிக்கிற பொதுப் போல்டரில் நாங்கள் வைக்காத போல்டர்கள் முளைக்கின்றன. பென் டிரைவ் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிடுகிறது. டவுனில் இருந்து ஒரு தம்பி வந்து இரண்டு கணினியை போர்மட் பண்ணிக் கொடுத்தார். மறுநாள் காலையில் இரண்டிலும் அதே கதை. வெள்ளிக்கிழமை உலகம் முழுக்கக் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றனவே, அதுவும் இதுவும் ஒன்றா? பெரியவர் என்னைத்தான் கேட்கிறார். அண்ணாமார் யாராவது சொல்லுங்கள்.

22 ஜூலை, இரவு

வெள்ளிக்கிழமை நடந்தது வேறு, தங்கச்சி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் அது. சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது. யாரும் தாக்கவில்லை, காவல்காரனே தடுக்கி விழுந்தான். அந்த மென்பொருள் உங்கள் ஆபிஸில் இருக்கவே இருக்காது, விலை அப்படி.

உங்களிடம் இருப்பது புழு. வைரஸ் ஒரு பைலில் ஒட்டிக்கொண்டு யாராவது திறக்கும்வரை படுத்திருக்கும். புழுவுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு கணினியில் ஏறியதும் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தானே தேடிப் போகும். உங்களுடையது இரண்டும் கலந்த சாதி. பொதுப் போல்டரில் முளைக்கிறவை போல்டர்களே இல்லை, போல்டர் படம் ஒட்டிய புரோகிராம்கள். பைல் பெயரின் வாலை (.exe, .docx மாதிரி) விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கும், அதனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 'ஜூன் சம்பளம்' என்று நினைத்து இரண்டு தடவை தட்டினால் நாமே கூப்பிட்டு உள்ளே விட்டதாக ஆகிவிடும். வாலைக் காட்டும்படி எட்டிலும் மாற்றி வையுங்கள், ஐந்து நிமிட வேலை.

காரணம் பென் டிரைவ்தான். நாளைக்கே எல்லாவற்றையும் வாங்கி லாச்சியில் பூட்டிவிடுங்கள்.

23 ஜூலை

நேற்று எழுதியதைக் காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து படித்தேன். பென் டிரைவ் மேல் முழுப் பழியையும் தூக்கிப் போட்டது என் அவசரம். போர்மட் பண்ணிய இரண்டிலும் அன்றைக்குப் பென் டிரைவ் போடவே இல்லை என்று தங்கச்சி பதில் போட்டிருக்கிறார். அப்படியானால் வந்த வழி, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் கேபிள்.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2003 ஆகஸ்டில் ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில் உதவிக்கு இருந்தேன். பன்னிரண்டு கணினி, எல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. ஒரு நாள் எல்லாத் திரையிலும் ஒரு பெட்டி வந்து 60 வினாடியில் கணினி நிற்கப் போகிறது என்று எண்ணத் தொடங்கியது. பிளாஸ்டர் புழு. அதற்கான மருந்தை மைக்ரோசொப்ட் ஜூலை நடுவிலேயே வெளியிட்டிருந்தது, நாங்கள் போடவில்லை. சரி, ஒன்றை அழித்துப் புதிதாக எக்ஸ்பி போட்டோம். மருந்தை இறக்க வேண்டுமானால் இன்டர்நெட் வேண்டும். டயல் பண்ணி இறக்கத் தொடங்கினால், மருந்து வருவதற்கு முன்னால் புழு வந்துவிடும். திரும்ப 60, 59, 58. மூன்று தடவை பண்ணினோம். நாலாவது தடவை மாஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியில் கொழும்பில் இருந்த ஒரு நண்பன் மருந்தை சீடியில் எழுதி, பொடி மெனிக்கே ரயிலில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். ஸ்டேஷனில் போய் வாங்கி வந்து, எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டோம். கழற்றினோம் என்பதுதான் விஷயம். நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுக்குள்ளேயே ஒருவரைக் குணப்படுத்தித் திரும்ப அதே கட்டிலில் படுக்க வைக்க முடியாது. டவுன் தம்பி செய்தது அதைத்தான். எட்டையும் ஒரே நேரத்தில் பிரித்தால் ஒழிய நீங்கள் எத்தனை போர்மட் பண்ணினாலும் காசுதான் போகும்.

25 ஜூலை

இது வன்னாக்ரையா, 2017இல் பைல்களைப் பூட்டிக் கப்பம் கேட்ட அந்தப் புழுவா என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்லை, அது ஈமெயிலில் வந்தது, பழைய எக்ஸ்பி மெஷின்களைத்தான் தின்றது" என்று நான் ஒரு வரியில் பதில் போட்டிருந்தேன். இல்லை என்பது மட்டும் சரி. வன்னாக்ரை என்றால் இந்நேரம் சிவப்புப் பெட்டி ஒன்று 300 டொலருக்குப் பிட்கொயின் கேட்டிருக்கும். மற்ற இரண்டும் பிழை.

ஈமெயில் வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் பைல் பகிரும் பழைய முறை ஒன்று இருக்கிறது, எஸ்எம்பி 1 என்பார்கள். அதில் இருந்த ஓட்டை வழியாக 445ஆம் துவாரத்தில் (நெட்வொர்க்குக்குக் கணினி திறந்து வைக்கிற இலக்கமிட்ட வாசல்) நேரே ஏறியது. ஓட்டையை 2017 மார்ச் 14இல் மைக்ரோசொப்ட் அடைத்தது. ஏப்ரலில் அந்த ஓட்டைக்கான ஆயுதத்தை ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கூட்டம் வெளியே போட்டது. மே 12இல் புழு. மருந்து வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நோய் வந்திருக்கிறது. விழுந்ததும் பெரும்பாலும் விண்டோஸ் 7. எக்ஸ்பியில் அது ஒழுங்காக ஓடக்கூட இல்லை, நீலத்திரையோடு செத்துப் போனது.

அதை நிறுத்திய கதை எனக்குப் பிடிக்கும். புழு வேலையைத் தொடங்குமுன் யாரும் வாங்காத ஒரு இணைய முகவரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பேசாமல் நின்றுவிடும். மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞர் அந்த முகவரியைத் தன் பெயரில் பதிந்தார், பரவல் அடங்கியது. பதியும்போது இது நடக்கும் என்று அவருக்கே தெரியாது.

28 ஜூலை

ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, கரண்ட் இருக்கிறது. நீளமாக எழுதப் போகிறேன். "ஒழுங்காக அப்டேட் போட்டால் புழு வராது" என்று மேலே இரண்டு பேர் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2018இல் பதினான்கு கணினி உள்ள ஒரு ஆபிஸை நான்தான் பார்த்துக்கொண்டேன். பெயர் வேண்டாம். அப்டேட் எல்லாம் சுத்தம், எனக்கு அதில் ஒரு பெருமை. கணினிகளை எப்படித் தயார் பண்ணினேன் தெரியுமா? ஒன்றை ஆற அமர ஒழுங்கு பண்ணி, அதை அப்படியே படி எடுத்து மற்றப் பதின்மூன்றிலும் இறக்கினேன். ஒரு பகலில் முடிந்தது. வீ.பீ. தேயிலை நேர்சரி மாதிரி. ஒரு தாய்ச் செடியில் வெட்டிய கிளைகள், மலை முழுக்க ஒரே செடி. விதைத் தேயிலை என்றால் செடிக்குச் செடி குணம் மாறும், ஒன்று பிடித்த நோயை இன்னொன்று தாங்கும். வீ.பீ.யில் கொழுந்து கூட, ஆனால் ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது.

என் பதினான்கு செடிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் ஒன்றே. ஊர்ப் பெயர், பின்னால் 123.

ஒரு கணினியில் ஒருவர் எதையோ திறந்தார். அது அந்தக் கணினியில் கிடந்த அட்மின் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த கணினிக்குப் போய்க் கதவைத் திறந்தது. உடைக்கவில்லை, திறந்தது. பிறகு அடுத்தது. விண்டோஸுக்கு அது நான் வந்து வேலை செய்வது மாதிரித்தான் தெரிந்திருக்கும். எல்லா அப்டேட்டும் போட்ட பதினான்கு கணினியும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போயின. காலையில் போன் வந்தபோது நான் டிக்கோயாவில் நின்றேன். போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இந்த வித்தையை உலகமே பார்த்தது 2017 ஜூன் 27இல். நொட்பெட்யா. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பாவிக்கிற எம்இடொக் என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து வந்தது. எஸ்எம்பி ஓட்டையையும் பாவித்தது, அது கிடைக்காத இடத்தில் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டுகளைத் திருடி நடந்தது. ஓட்டையை அடைத்து வைத்திருந்தவர்களும் அதனால்தான் விழுந்தார்கள். பணம் கேட்டது வெறும் வேஷம், கட்டினாலும் திரும்பக் கிடைக்க வழி வைக்கவில்லை.

அதில் மாட்டிய பெரிய ஆள் மேர்ஸ்க், கப்பல் கம்பனி. யார் எந்தக் கணினிக்குள் வரலாம் என்ற பதிவை வைத்திருக்கும் சேர்வர்கள் அவர்களிடம் 150 அளவில் இருந்தன. ஒன்று விழுந்தால் இன்னொன்றில் இருந்து எடுக்கலாம் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒன்றாக விழும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்றே ஒன்று தப்பியது, கானா நாட்டில். ஏன் தப்பியது? அந்த நேரம் அங்கே கரண்ட் கட்.

2022 மார்ச் கடைசியில் நமக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்மின் தேக்கங்கள் பக்கத்தில் இருக்க நாங்கள் மெழுகுதிரியோடு உட்கார்ந்திருந்தோமே, அப்போதெல்லாம் எனக்குக் கானாதான் ஞாபகம் வந்தது. மனைவி அடிக்க வந்தாள்.

சரி, தங்கச்சிக்கு வேண்டியது இதுதான். எட்டுக் கணினிக்கும் எட்டு அட்மின் பாஸ்வேர்ட். ஒரு கொப்பியில் எழுதி இரும்பு அலுமாரியில் வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்பவர்கள் வந்து சண்டை பிடிக்கட்டும், புழுவுக்கு அலுமாரி திறக்கத் தெரியாது. பெரிய ஆபிஸ்களில் இதைத் தானாகவே மாற்றிக்கொண்டிருக்க லேப்ஸ் என்ற வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. எட்டுக்கு அது தேவையில்லை. அன்றாட வேலைக்கு எல்லோரும் சாதாரணப் பயனராக உள்ளே போகட்டும், பெரியவர் உட்பட.

30 ஜூலை

"வீ.பீ. எதற்கு, கோப்பியைச் சொல்லுங்கள்" என்று மடுல்சீமைப் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன், என்னுடையதைவிட நல்ல உதாரணம். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தெரிந்தது, இருபது வருடத்துக்குள் இந்த மலையில் கோப்பி முடிந்தது. காட்டை வெட்டி மலைக்கு மலை ஒரே செடி, நடுவில் நின்று காற்றை மறிக்க மரம் கிடையாது. காற்றில் பறக்கிற நோய் வித்துக்கு வேறென்ன வேண்டும்.

3 ஆகஸ்ட்

"நாமே ஒரு நல்ல புழு எழுதி விட்டால் அது போய்க் கெட்ட புழுவைக் கொன்றுவிட்டு மருந்தும் போட்டுவிட்டு வராதா?" கேட்டது ஏ.எல். படிக்கிற பையன்.

தம்பி, செய்து பார்த்தாகிவிட்டது. பிளாஸ்டர் வந்த அதே 2003 ஆகஸ்டில் வெல்ச்சியா என்று ஒன்று வந்தது. பிளாஸ்டர் ஏறிய ஓட்டையிலேயே ஏறி, பிளாஸ்டரை அழித்து, மைக்ரோசொப்டின் மருந்தை இறக்கிப் போட்டுவிட்டு, 2004 பிறந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் அடுத்த கணினியைத் தேட அது அனுப்பிய அழைப்புகளில் நெட்வொர்க்குகள் திணறிப் போயின. பல இடங்களில் பிளாஸ்டரைவிட இதுதான் பெரிய தலைவலி.

இன்டர்நெட்டில் பரவிய முதல் பெரிய புழுவும் கெட்ட எண்ணத்தில் விட்டதல்ல என்றுதான் சொல்வார்கள். 1988 நவம்பர் 2இல் ரொபர்ட் மொரிஸ் என்ற மாணவர் விட்டது. ஏற்கெனவே பிடித்த கணினியைத் திரும்பப் பிடிக்காமல் இருக்க ஒரு சோதனை வைத்தார். யாராவது 'நான் ஏற்கெனவே பிடிபட்டவன்' என்று பொய் சொல்லி ஏமாற்றினால் என்ன செய்வது என்று யோசித்து, ஏழில் ஒரு தடவை அதையும் மீறி ஏறும்படி எழுதினார். அந்த ஏழில் ஒன்றுதான் கவிழ்த்தது. ஒரே கணினியில் படி மேல் படியாக ஏறி மூச்சடைக்க வைத்தது. சுமார் 6000 கணினிகள் என்பது அந்தக் காலத்து மதிப்பீடு, அப்போது முழு இன்டர்நெட்டுமே 60,000தான்.

தேயிலையில் நல்ல பூச்சி வேலை செய்தது என்பது உண்மை. இலையைச் சுருட்டுகிற புழுவுக்கு எதிராக 1935, 36இல் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது இன்றைக்கும் உழைக்கிறது. ஆனால் குளவிக்கு அந்தப் புழுவைத் தவிர வேறொன்றும் வேண்டாம். புரோகிராமுக்கு அப்படி ஒரு வயிறு கிடையாது. இன்னொன்று, 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உன் புழு நல்லதா கெட்டதா என்று கேட்காது.

6 ஆகஸ்ட்

இத்தனை எழுதியும் முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. உங்கள் கணினியும் பக்கத்து மேசைக் கணினியும் ஒன்றோடொன்று பேச என்ன இருக்கிறது? பொதுப் போல்டர் உள்ள கணினியோடு பேச வேண்டும், இன்டர்நெட்டோடு பேச வேண்டும். மற்றபடி நீங்களும் கொழுந்துக் கணக்குக்காரரும் பேசுவதென்றால் வாயால் பேசிக்கொள்ளலாம். புழு வாழ்வது அந்தத் தேவையில்லாத பேச்சில்தான்.

ஆகவே ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸோடு வருகிற தடுப்புச் சுவரான ஃபயர்வோலில், உள்ளே வரும் 445, 135, 3389 மூன்று துவாரங்களையும் மூடுங்கள். கடைசியானது தூரத்தில் இருந்து திரையைப் பிடிப்பதற்கு. வெளியே போவது போகட்டும். பொதுப் போல்டர் கணினியில் மட்டும் 445 திறந்திருக்கட்டும். காசு செலவில்லை.

இதை முதல் தடவை நான் செய்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 25ஆம் தேதி காலையில் மூடினேன். சம்பளச் சீட்டு அடிக்கிற பிரிண்டர் ஒருவருடைய கணினியில் இருந்து பகிரப்பட்டிருந்தது. மூடியதும் வேறு யாருக்கும் பிரிண்ட் வரவில்லை. சம்பள நாளுக்கு முதல் வாரம் அப்படி ஒரு காரியம் செய்தால் கிளாக்கர் ஐயா எப்படிப் பேசுவார் என்று மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரிண்டரை நேரே நெட்வொர்க் சுவிட்சில், அதாவது எல்லாக் கேபிளும் வந்து சேருகிற பெட்டியில் போட்டு அதற்கொரு முகவரி கொடுத்துத் தப்பினேன். நீங்கள் முதலே அதைச் செய்துவிடுங்கள்.

11 ஆகஸ்ட்

17, 18, 19 மூன்று நாள் தொடர்ந்து லீவு, திங்கள் போயா. பெரியவர் அந்த மூன்று நாளில் செய்யச் சொல்லிவிட்டாராம். டவுன் தம்பியும் வருகிறார், நான் போனில்.

முதலில் எட்டுக் கேபிளையும் கழற்றுவது, வைஃபையையும் நிறுத்துவது. பைல்களை ஒரு வெளி டிஸ்க்குக்கு எடுக்கலாம், ஆவணங்கள் மட்டும், புரோகிராம் வால் உள்ள ஒன்றும் வேண்டாம். விண்டோஸையும் அப்டேட்டுகளையும் வீட்டில் உள்ள சுத்தமான ஒரு கணினியில் இறக்கிக் கொண்டுவர வேண்டும், தம்பியின் லப்டொப்பில் அல்ல. அவர் இந்த ஆபிஸில் ஏற்கெனவே இரண்டு தடவை அதைச் செருகியிருக்கிறார். கோபிக்க வேண்டாம் தம்பி. கடையில் போட்டுத் தருகிற, 'அக்டிவேட்' பண்ண அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிற விண்டோஸ் வேண்டவே வேண்டாம். வாசலில் நாயைக் கட்டிவிட்டுத் திருடனைக் கூப்பிடுகிற மாதிரி அது. முடிந்த கணினியைப் பழைய சுவிட்சில் போடாமல் புதிதாக ஒரு சின்னச் சுவிட்ச் வாங்கி அதில் சேருங்கள். பழைய சுவிட்ச் அழுக்குப் பக்கம், புதியது சுத்தப் பக்கம். நடுவில் கேபிள் கிடையாது. எஸ்எம்பி 1 எல்லாவற்றிலும் நிறுத்தம்.

விண்டோஸ் 10 போடுவதா 11 போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். 10க்கு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது. மெஷின் தாங்கினால் 11 போடுங்கள்.

19 ஆகஸ்ட், இரவு

எட்டும் முடிந்தது. பெரியவர் பழைய சுவிட்ச்சும் பெறுமதியானது என்று சொல்லி, கடைசியில் புதியதை அதோடு ஒரு கேபிளால் சேர்த்துவிட்டாராம். எட்டும் சுத்தம்தானே, பரவாயில்லை என்று நானும் சொல்லிவிட்டேன்.

21 ஆகஸ்ட்

பரவாயில்லை என்று சொன்ன வாயில் மண். இன்று பின்னேரம் பொதுப் போல்டரில் இரண்டு போல்டர் முளைத்திருக்கிறது. இந்தத் தடவை வால் தெரிந்தது, யாரும் தட்டவில்லை. மற்ற ஏழு கணினியில் ஒன்றிலும் ஒன்றும் ஏறவில்லை. அதாவது கதவுகள் வேலை செய்கின்றன, ஆனால் யாரோ உள்ளே நடமாடுகிறார்கள். எட்டிலும் தேடியாகிவிட்டது, எதிலும் புழு இல்லை.

22 ஆகஸ்ட்

பொதுப் போல்டர் கணினியில் 'கம்பியூட்டர் மேனேஜ்மென்ட்' திறந்து, பகிர்ந்த போல்டர்களுக்குக் கீழே யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை வாசிக்கச் சொன்னேன். ஏழு பெயர் வர வேண்டும், அந்தக் கணினியை விட்டுவிட்டால். தங்கச்சி எட்டு வாசித்தார். எட்டாவது பெயர் 'ஸ்கேல்'.

"ஸ்கேல் என்றால் எந்தக் கணினி?"

"அது கணினி இல்லை அண்ணா, தராசு."

போனை வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தேன்.

உறுதிப்படுத்த, எட்டுக் கணினியின் கேபிளோடு, ரவுட்டரைத் தவிர தெரிந்த மற்றக் கேபிள்களையும் கழற்றிவிட்டுப் பழைய சுவிட்ச் முன்னால் போய் நிற்கச் சொன்னேன். ரவுட்டர் விளக்கைத் தவிர எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கடைசி வரிசையில் ஒரு பச்சை விளக்கு மூச்சு விடாமல் துடித்துக்கொண்டிருந்ததாம். கேபிள் சீலிங்குக்குள் ஏறி, கொழுந்து நிறுக்கிற ஷெட்டில் போய் இறங்கியது. அங்கே மேடைத் தராசுக்குப் பக்கத்தில், ஒரு மரப் பெட்டிக்குள், சாக்கால் மூடி, ஒரு எக்ஸ்பி கணினி. திரை கூட இல்லை, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தராசு காட்டுகிற நிறையை ஒரு பைலில் எழுதிப் பொதுப் போல்டரில் போடுவதுதான் அதன் வேலை. தராசு பூட்டியவர்கள் வைத்தது. ஆபிஸில் யாரும் அதைக் கணினி என்று நினைத்ததே இல்லை.

எஸ்எம்பி 1ஐ நிறுத்திய பிறகு அது எப்படி வந்தது? எக்ஸ்பிக்கு அதைத் தவிர வேறு பாஷை தெரியாதே. இரவு டவுன் தம்பி போன் எடுத்து ஒத்துக்கொண்டார். 20ஆம் தேதி காலையில் கொழுந்து நிறை வரவில்லை என்று ஷெட்டில் இருந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் எஸ்எம்பி 1ஐத் திரும்பப் போட்டிருக்கிறார், நிறை வந்தது. பின்னால் புழுவும் வந்தது. அவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். நிறுத்தச் சொன்ன நான், அதை நம்பி என்னென்ன ஓடுகிறது என்று கேட்கவே இல்லை. பிரிண்டரில் பட்டும் கேட்கவில்லை. 22 ஜூலையிலேயே 'எட்டுக் கணினி' என்று அவர் எழுதியதை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

24 ஆகஸ்ட்

தராசுக் கணினியின் கேபிள் வெட்டியாகிவிட்டது, வெட்டி என்றால் கத்தரிக்கோலால். அந்த மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. தராசின் முகப்பில் சீரியல் துவாரம் ஒன்று இருக்கிறது, அதில் இருந்து நேரே ஒரு புதிய கணினிக்கு எடுக்கலாம், பூட்டியவர்களிடம் விலை கேட்டிருக்கிறார்கள். அதுவரை நிறைக்கு என்ன வழி? நிறுக்கிற ஐயா அந்தக் கணினி வந்த நாளில் இருந்து ஒரு நாள் விடாமல் கொப்பியிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தாராம். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "பெட்டிக்குள்ள இருக்கிறத யார் கண்டா" என்றாராம்.

மேலே ஒருவர், அந்த எக்ஸ்பியைத் தனியாக வைத்துப் பென் டிரைவில் நிறையைக் கொண்டுவரலாமே என்கிறார். 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற புழு, வெளி உலகத்தோடு கேபிளே இல்லாத ஈரானிய அணு ஆலைக்குள் போனதும் பென் டிரைவ் வழியாகத்தான் என்பது பெரும்பாலானோர் முடிவு. கொப்பி நல்லது.

2 செப்டம்பர்

வெளி டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைக்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். செருகியிருக்கிற டிஸ்க்கும் புழுவுக்கு இன்னொரு போல்டர்தான். இரண்டு டிஸ்க், வெள்ளிக்குவெள்ளி மாற்றி மாற்றி, எடுத்தது பெரியவர் வீட்டில். மாதம் ஒரு தடவை அதில் இருந்து ஒரு பைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். கடந்த வருடம் ஆகஸ்டில் நம் அரசாங்க கிளவுடில் கப்பம் கேட்கிற மென்பொருள் ஏறியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை. அரசாங்கத்துக்கே அப்படி என்று சொல்லிப் பெரியவரிடம் இரண்டாவது டிஸ்க்குக்குக் காசு கேளுங்கள்.

15 செப்டம்பர்

தங்கச்சி இப்போது எண்ணத் தொடங்கிவிட்டார். கையில் ஒரு பட்டியல், பதினாறில் நிற்கிறது. சிசிடிவி பெட்டியும் அதில் இருக்கிறது. பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டேன், பூட்டியவர் வைத்ததாம். மொரிஸின் புழு 1988இல் கையில் 432 சொற்கள் கொண்ட பாஸ்வேர்ட் பட்டியலோடு வந்தது. 2016இல் மிராய் என்ற புழு வெறும் 62 சோடிப் பெயர், பாஸ்வேர்டுகளோடு வந்து, இந்த மாதிரி கமராப் பெட்டிகளைத்தான் இலட்சக்கணக்கில் பிடித்தது. 28 வருடத்தில் பட்டியல் சுருங்கியிருக்கிறது, நாங்கள் அவ்வளவு உதவி செய்திருக்கிறோம். அதை மாற்றி, பெட்டியைக் கணினிகள் இல்லாத வேறு நெட்வொர்க்கில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிரிண்டரையும் எண்ண வேண்டுமா என்று கேட்கிறார். ஆமாம். கைவிரல் வைத்து வருகிற நேரம் பதிகிற மெஷினும். அப்போது பதினெட்டு.

நேற்று என் வீட்டில் எண்ணினேன். ஐந்து என்று நினைத்தேன், ரவுட்டர் ஒன்பது என்கிறது. மூன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.